சத்துக் கணக்கும் சாற்றின் குணமும்

தயாராக விற்கப்படும் மால்ட் பாகைக் கரைத்துப் பீர் காய்ச்சிப் பழகியவர்கள், அதை விடுத்து, முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையையே உடைத்து ஊறவைக்கும் முறைக்கு வரும்போது நம்மை நாடிக் கேட்கும் கேள்விகள் உருவத்தில் பலவாயினும், அவற்றின் உள்ளே இருக்கும் விசாரம் பெரும்பாலும் ஒன்றே: தானியத்திலிருந்து வரவேண்டிய சர்க்கரை முழுவதும் வரவில்லையே, அது எங்கே போயிற்று? இந்த விசாரம் இயற்கையானது. ஆனால் அதற்கு அநுபவசாலிகளாகிய நாம் அளித்துவரும் விடைகளைப் பற்றி எனக்கு மிகுந்த கவலை உண்டு. இன்னும் பொடியாக அரையுங்கள் என்கிறோம். இன்னொரு முறை வெந்நீர் ஊற்றி அலசுங்கள் என்கிறோம். புதியவரின் பீரில் நாவைப் பிடிக்கும் துவர்ப்பு வந்து சேர்வது, அநேகமாக இந்த ஆலோசனைகளை அவர் சிரத்தையுடன் அநுஷ்டித்ததன் பலனே.

சத்துக் குறைவால் நேரும் நஷ்டம் எவ்வளவு என்பதை முதலில் பார்ப்போம். வெளிர் மால்ட் ஒரு கிலோ, ஆய்வுக்கூட முறையில், ஏறக்குறைய 300 லிட்டர்-டிகிரி (சாற்றின் லிட்டரை அதன் அடர்த்திப் புள்ளியால் பெருக்கிய அளவு) சத்தைத் தரும். நாலரைக் கிலோவை ஊறவைத்து 22 லிட்டர் சாறு எடுப்பவர், அதில் நூற்றுக்கு 75 பங்கைப் பெற்றால் அடர்த்தி எண் 1.046 ஆகும், 65 பங்கே பெற்றால் 1.040 ஆகும். இந்த ஆறு புள்ளிகளை ஈடுசெய்ய அவர் கூடுதலாகச் சேர்க்க வேண்டிய மால்ட் சுமார் 700 கிராம். இவ்வளவுதான் விஷயம். அடுத்த முறையும் அதே 65 பங்கு தவறாமல் கிடைக்குமானால், அவர் நல்ல பீர் காய்ச்சுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

விற்பனைக்காகக் காய்ச்சும் ஆலைகளுக்கு இக்கணக்கு ஜீவாதாரமானது என்பதை மறுக்கவில்லை. சாற்றின் அடர்த்தியை அளக்கும் கருவியை ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் வெளியிட்ட நூலால் பிரசித்தப்படுத்திய பிறகு, மலிவான பழுப்பு மால்ட்டைவிட விலையுயர்ந்த வெளிர் மால்ட்டே முடிவில் லாபகரமானது என்று கண்டுகொண்ட இங்கிலாந்தின் ஆலைக்காரர்கள், போர்ட்டர் பீரின் சேர்மானத்தையே மாற்றிவிட்டார்கள். வீட்டில் காய்ச்சுவோருக்கு உரிமம் வேண்டும் என்ற விதியை, ரெஜினால்ட் மாட்லிங் நிதியமைச்சராக இருந்த 1963இல் பிரிட்டன் நீக்கிய பின் தழைத்த நம் கலை, ஆலைகளின் அறிவைச் சுவீகரித்துக்கொண்டது நன்மையே. அவற்றின் லாபக் கவலையையும் உடன் சுவீகரித்ததுதான் அநாவசியம்.

மேலும், குறைந்துவிட்டதாகத் தோன்றும் சத்து பல சமயங்களில் குறையவே இல்லை. ஹைட்ராமீட்டர் சாதாரணமாக 20 டிகிரி உஷ்ணத்துக்கென அளவிடப்பட்ட கருவி. 60 டிகிரியில் இருக்கும் சாற்றில் அதை மிதக்கவிட்டால், உண்மையில் 1.046 உள்ள சாறு ஏறக்குறைய 1.030 என்று காட்டும். பட்டியலைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்பதும் அவ்வளவு சூட்டில் நம்பத்தக்கதன்று, மாதிரியை ஆறவைப்பதே முறை. அதுபோல, முதலில் வடிந்த கனத்த சாறு கொதிகலத்தின் அடியிலும், அலசி வடித்த நீர்த்த சாறு மேலேயும் தங்கியிருக்க, கலக்காமல் மேலிருந்து ஒரு கரண்டி எடுத்து அளப்பவருக்குக் கிடைப்பது பொய்யான எண். அந்த எண்ணைக் கண்டு கலங்கியவர் உடனே பரிகாரம் தேடுகிறார். இல்லாத நோய்க்கு மருந்து உண்பது போன்ற பிரயத்தனம் அது.

ஒரே ஒரு நாளின் அளவைக் கொண்டு தீர்ப்புச் சொல்வதும் தகாது. டப்ளினில் கின்னஸ் ஆலையில் பணிபுரிந்த வில்லியம் காஸெட், சில அளவீடுகளே கைவசம் இருக்கும்போது அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற பிரச்னையை ஆராய்ந்து, 1908இல் ‘ஸ்டூடென்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்ட கட்டுரை இன்று புள்ளியியலின் அஸ்திவாரங்களுள் ஒன்று. அத்தகைய ஆலையே அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்த விஷயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்த எண்ணை வைத்து அரைவை இயந்திரத்தின் இடைவெளியையும், ஊறும் நேரத்தையும், தண்ணீரின் அளவையும் ஒருங்கே மாற்றிவிடும் புதியவர், எதனால் என்ன விளைந்தது என்று அறியும் வழியையே அடைத்துக்கொள்கிறார்.

அவர் செய்யும் பரிகாரங்கள் விளைவிக்கும் தீங்கைப் பார்ப்போம். தானியத்தின் உட்பருப்பு உடைய வேண்டும், உமி முழுமையாக நிற்க வேண்டும். அந்த உமிதான் சாற்றை வடிகட்டும் படுகை. மாவாக அரைத்தால் படுகை இறுகி, வடிவது நின்றுவிடும். அலசும் தண்ணீர் 77 டிகிரிக்கு மேற்பட்டாலும், கடைசியில் வடியும் சாறு நீர்த்துப்போய் அதன் அமிலத்தன்மை குன்றி பிஹெச் எண் 6ஐ நெருங்கினாலும், உமியிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் கரைந்து இறங்கும். பைகார்பனேட் மிகுந்த குழாய்நீர் உள்ள ஊர்களில், அதுவும் வெளிர் மால்ட் மட்டும் போடும்போது, இந்த அபாயம் முன்னதாகவே வந்துவிடும். வடியும் சாறு 1.010க்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு, குறைந்த அளவுக்கு வெறும் தண்ணீரைக் கொதிகலத்தில் ஊற்றிக்கொள்வது உத்தமம்.

உண்மையாகவே பரிசோதிக்க வேண்டியது உஷ்ணமானி. 60 முதல் 65 டிகிரி வரையில் ஒரு நொதிப்பொருள் ஈஸ்ட் உண்ணத்தக்க சர்க்கரையை மிகுதியாக ஆக்குகிறது. 70ஐ ஒட்டிய உஷ்ணத்தில் மற்றொன்று மேலோங்கி, ஈஸ்ட்டால் உண்ண முடியாத பகுதிகளை விட்டுவைக்கிறது. கருவி மூன்று டிகிரி பிழையாயிருந்தால் 66 என்று நம்பி 69இல் ஊறவைத்து, கெட்டியாய் இனித்துக் கிடக்கும் பீரைப் பெற்று, ஈஸ்ட்டைப் பழிப்பார்கள். நொறுக்கிய பனிக்கட்டி நிறைந்த நீரில் அமிழ்த்தி அது பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கச் சில நிமிஷங்கள் போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்கு மிகப் பெரிதாகப் படும் தவறு தானியம் ஊறும் பாத்திரத்தில் நிகழ்வதன்று. தானியம் கொண்டு காய்ச்சும் நாள் ஐந்தாறு மணி நேரம் நீளுகிறது. சத்துக் கணக்கிலேயே மனத்தைச் செலுத்திக் களைத்துப்போன புதியவர், இறுதியில் 30 டிகிரிக்கு ஆறிய சாற்றில் ஈஸ்ட்டைத் தூவிவிட்டுப் படுக்கப் போய்விடுகிறார். ஏல் வகைக்குப் பெரும்பாலும் 18 முதல் 20 டிகிரியே தகுந்தது. அதற்கு மேற்பட்ட சூட்டில் தொடங்கும் நொதித்தல், எரிச்சலூட்டும் கனத்த சாராயங்களையும் அளவு மீறிய பழவாசனையையும் உண்டாக்கிவிடுகிறது. அவை எந்த அரைவையாலும் அலசலாலும் பிறகு நீங்குவதில்லை. ஆகையால், குறைந்த அடர்த்தி எண்ணோடு நம்மிடம் வரும் புதியவரை, அரைவையைப் பற்றி விசாரிக்கும் முன்பு, ஈஸ்ட் போட்ட வேளையில் சாறு எத்தனை டிகிரியில் இருந்தது என்று கேட்குமாறு நம் துறையினர் அனைவரையும் வேண்டிக்கொள்கிறேன்.