மலை ஏறாத செய்தி

“நான்தான் சொல்லிவிட்டேனே!” என்ற வாக்கியத்தை நேயர்கள் தத்தம் வீட்டில் வாரத்துக்கு எத்தனை தடவை கேட்கிறார்களோ, நான் அறியேன். என் வீட்டில் சராசரி நாளைக்கு இரண்டு தடவை. “சாயங்காலம் விருந்தாளிகள் வருகிறார்கள், வரும்போது காய்கறி வாங்கி வரவேண்டும் என்று பையனிடம் சொல்லியனுப்பினேனே!” என்பாள் என் மனைவி. பையனோ வழியில் பந்தாட்டத்தைக் கண்டு அங்கேயே நின்றிருப்பான். நான் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து சேருவேன். விருந்தாளிகள் மட்டும் குறித்த நேரத்துக்குத் தவறாமல் வந்துவிடுவார்கள். சொன்னவள் மேல் குற்றமில்லை. கேள்விப்படாத என்மேலும் குற்றமில்லை. ஆயினும் அன்றிரவு எல்லோருக்கும் ரசமும் அப்பளமுந்தான்.

வீட்டில் இது சிரித்து மறந்துவிடக் கூடிய விஷயம். ஆனால் இதே சங்கதி ஒரு மலையின் மேல் 14 உயிர்களைக் கொண்டு போயிருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லுமுன், அமெரிக்க தேசத்தில் உள்ள ஒரு விசித்திரமான உத்தியோகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அந்நாட்டின் மேற்குப் பிரதேசங்களில் கோடைகாலம் என்றால் காட்டுத் தீயின் காலம். இடி இடிக்கும், மின்னல் வெட்டும், மழை மட்டும் பெய்யாது. ஒரே இரவில் நூறு இடங்களில் புகை கிளம்பும். தோளில் மண்வெட்டியும் கோடரியுமாய் மலையேறித் தீயுடன் போராடும் வீரர்களின் படங்களை நாம் பார்த்திருக்கிறோம். பாராசூட்டைக் கட்டிக்கொண்டு தீயின் அருகே குதிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்த வீரர்களுக்குப் பின்னால், நெருப்பைக் கண்ணாலும் பாராமல், நான்கு சுவர்களுக்குள் உட்கார்ந்து அதனுடன் போர் புரிகிறவர்கள் சிலர் உண்டு. காதில் டெலிபோன், கையில் ரேடியோ, எதிரே தேசப்படம், பக்கத்தில் ஆறிப்போன காப்பி. இவர்களே ஆள் அனுப்பும் நிலையத்தார்.

டெலிபோன் மணி அடிக்கிறது. நெடுஞ்சாலையில் போகும் ஒருவர், “அதோ மலைமேல் புகை!” என்கிறார். எந்த மலை? எந்தப் பக்கம்? நீர் எங்கே நிற்கிறீர்? புகை வெளுப்பா, கறுப்பா? காற்று எப்படி அடிக்கிறது? கேள்விகளுக்குப் பதில் வர வர, படத்தில் ஒரு புள்ளி விழுகிறது. அந்தப் புள்ளிக்கு மிக அருகில் யார் இருக்கிறார்களோ, அவர்கள் எந்த இலாகாவைச் சேர்ந்தவர்களானாலும், அவர்களையே அனுப்பவேண்டும் என்பது முறை. ஆகாய விமானம் புறப்பட்டால் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை அது தான் இருக்கும் இடத்தை அறிவிக்க வேண்டும். குரல் வராவிட்டால் தேடும் படலம் ஆரம்பமாகிவிடும். ஒவ்வொரு வார்த்தையும் மணி, நிமிஷத்துடன் பதிவாகிறது.

உள்ளூர் நிலையத்தில் ஆள் போதாவிட்டால் பிராந்திய நிலையத்தைக் கேட்பார்கள். இப்படி நாடு முழுவதற்கும் பத்துப் பிராந்தியங்கள். அங்கும் போதாவிட்டால் ஐடஹோ மாகாணத்தில் பாய்ஸி நகரிலுள்ள தேசீய நிலையம். 1965-ல் ஏற்பட்ட ஸ்தாபனம் அது. நாட்டின் நிலைமையை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டு அங்கே சொல்லுவார்கள். ஐந்து என்றால், கையிருப்பில் உள்ளவர்கள் அநேகமாய் எல்லோருமே எங்கேயாவது ஒரு தீயின் முன்னால் நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த நிலையங்களில் ஓர் உத்தியோகஸ்தருக்கு ‘இன்டெலிஜென்ஸ்’ வேலை. சைனியத்தில் ஒற்றர்களின் வேலைக்கு வழங்குகிற அதே பெயர். மாறுவேஷம் ஒன்றும் இதில் கிடையாது. இவர் ஒற்றறியும் எதிரி நெருப்பு. சாயங்காலமானால் ஒவ்வொரு தீயிலிருந்தும் தகவல் வரும். எத்தனை ஏக்கரா எரிந்தது? சுற்றிலும் கோடு வெட்டி எத்தனை சதவிகிதம் மடக்கியாயிற்று? எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? எந்த ஊருக்கு ஆபத்து? நாளைக்கு என்ன தேவை? இவற்றையெல்லாம் சேர்த்து, புல்லும் புதரும் எவ்வளவு காய்ந்திருக்கின்றன, காற்று எப்படித் திரும்பப் போகிறது என்பதையும் கூட்டி, அறிக்கை ஒன்று தயாராகும். எந்தத் தீக்கு விமானம், எதற்கு ஆட்கள், எது காத்திருக்க வேண்டும் என்று மேலேயுள்ளவர்கள் தீர்மானிப்பதற்கு அந்த அறிக்கைதான் ஆதாரம்.

இதில் உள்ள சங்கடத்தைப் பாருங்கள். தன் தலைவலிதான் பெரிய தலைவலி என்று நினைப்பது மனித சுபாவம். ஒவ்வொரு மலையில் நிற்கிற தலைவருக்கும் தம்முடைய தீதான் நாட்டிலேயே பெரிய தீ. ஆகவே, அறிக்கை எழுதுகிறவர் ஒன்றைப் பெரிதாக்கவும் கூடாது, சிறிதாக்கவும் கூடாது, தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவதோ மகாபாவம். அவர் ஒரு வரியில் இடறினால், மற்றொரு மலைக்குப் போகவேண்டிய விமானம் போகாது.

செய்தியின் அருமையை அமெரிக்கர்கள் பட்டுத்தான் அறிந்தார்கள். 1910-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 20, 21 தேதிகளில் ஐடஹோ, மான்டானா மலைகளில் புயற்காற்றோடு கிளம்பிய தீ, சுமார் 30 லட்சம் ஏக்கராவைச் சாம்பலாக்கியது. அதன் பிறகு மலையுச்சிகளில் காவற்கோபுரங்களும் டெலிபோன் கம்பிகளும் பெருகின. 1913-ல் ஹாலி டாகெட் என்னும் பெண்மணி, வனத்துறையின் முதல் பெண் காவலாளியாகக் கலிபோர்னியாவில் ஒரு சிகரத்தின்மேல் குடியேறினார். பல கோடைகள் அங்கே தனியே இருந்து, புகையைக் கண்டதும் டெலிபோனில் கீழே சொல்லிவந்தார். “பெண்ணொருத்தி அங்கே தனியாக எத்தனை நாள் தாங்குவாள்?” என்று சந்தேகித்தவர்கள் பிற்பாடு வாயை மூடிக்கொண்டார்கள்.

1970-ல் மற்றொரு பாடம் கிடைத்தது. தென் கலிபோர்னியாவில் 13 நாட்களில் 16 உயிர்களும், 700-க்கு மேற்பட்ட கட்டடங்களும் தீக்கு இரையாயின. உதவிக்கு ஆட்கள் வராமலில்லை. வந்த இலாகாக்கள் ஒன்றோடொன்று பேச முடியவில்லை! ஒருவர் ரேடியோ மற்றொருவருக்குக் கேட்காது. ஒருவர் சங்கேதச் சொல் மற்றவருக்குப் புரியாது. இதன் பலனாகப் பிறந்த புதிய ஏற்பாட்டின் முக்கிய விதிகளில் ஒன்று, சங்கேதங்களை விட்டு எல்லோரும் சாதாரண பாஷையில் பேசவேண்டும் என்பது. நம் சர்க்கார் காரியாலயங்களுக்கும் இந்த விதியைச் சிபாரிசு செய்யலாம்.

நிற்க. இப்பொழுது அந்த மலைக்கு வருவோம்.

கொலராடோ மாகாணத்தில் கிளென்வுட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு அருகே ஸ்டார்ம் கிங் மலை. 1994-ம் வருஷம் ஜூலை 2-ந் தேதி அங்கே மின்னல் விழுந்து ஒரு சிறு தீ மூண்டது. அந்த வருஷம் கடும் வறட்சி. அதே சமயத்தில் எத்தனையோ தீக்கள். ஆகையால் இந்தச் சிறு தீ வரிசையில் பின்னால் நின்றது. ஜூலை 5-ந் தேதிதான் முதல் ஆட்கள் மலையேறினார்கள். 6-ந் தேதி பிற்பகல் அந்த மலையில் 49 பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு வறண்ட குளிர்காற்று மண்டலம் ஒன்று அந்தப் பிரதேசத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. வானிலை நிபுணர்கள் அதை அறிந்திருந்தார்கள். அறிந்து, சிவப்புக் கொடி எச்சரிக்கையும் வெளியிட்டார்கள். ‘காற்று பலமாக வீசும், தீ மூர்க்கமாகும்’ என்பது அந்த எச்சரிக்கையின் பொருள். ஆனால், அது நடுவழியில் எங்கேயோ நின்றுவிட்டது. மலைமேல் கோடு வெட்டிக்கொண்டிருந்தவர்களின் காதுக்கு எட்டவில்லை. விசாரணை செய்தவர்கள் பின்னால் கண்டுபிடித்த உண்மை இது.

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிஷத்துக்குக் காற்று வந்துவிட்டது. நான்கு மணிக்குப் பள்ளத்தாக்கின் அடியில் தீ தாண்டியது. காய்ந்த புதர்களைப் பற்றிக்கொண்டு, ஆட்கள் ஓடும் வேகத்தைவிட அதிக வேகத்தில் சரிவின் மேல் ஏறியது. 35 பேர் தப்பினார்கள். 14 பேர் தப்பவில்லை. அவர்களில் ஒன்பது பேர் ஆரிகன் மாகாணத்தின் பிரைன்வில் கூட்டத்தார். நால்வர் பெண்கள்.

அமெரிக்கத் தீயணைப்போருக்கென்று 1957-ல் வகுத்த பத்துக் கட்டளைகள் உண்டு. இன்று அவற்றில் முதலாவதாக நிற்பது, தீக்காலத்து வானிலையை எப்பொழுதும் அறிந்துகொண்டிரு என்பதுதான். கட்டளை இருந்தது; வானிலைச் செய்தியும் இருந்தது. இரண்டையும் இணைக்கவேண்டிய அந்தச் சிறிய கம்பி மட்டும் அன்றைக்கு அறுந்திருந்தது.

இப்பொழுது நிலையங்களில் வானிலைக் குறிப்பை ரேடியோவில் உரக்க வாசிக்கிறார்கள். சிவப்புக் கொடி எச்சரிக்கை என்றால் வாசித்ததோடு விடுவதில்லை. மலைமேல் இருக்கும் தலைவர், “கேட்டேன், தெரிந்துகொண்டேன்” என்று பதில் சொல்லவேண்டும். பதில் வராவிட்டால், வரும் வரையில் மறுபடியும் கூப்பிட வேண்டும்.

இதனால் எல்லா ஆபத்தும் தீர்ந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். 2013-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதி அரிஜோனா மாகாணத்தில் யார்னெல் என்ற ஊருக்கருகே 19 வீரர்கள் மாண்டார்கள். அங்கே காற்றைப் பற்றிய எச்சரிக்கை மேலே போய்ச் சேர்ந்தது. ஆனால் கடைசியில் அரைமணி நேரத்துக்கு மேல், அந்த வீரர்கள் எங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள் என்ற செய்தி மற்றவர்களுக்குச் சரியாய்க் கிடைக்கவில்லை. ஒரு மலையில் மேலே ஏறவேண்டிய செய்தி ஏறவில்லை. மற்றொன்றில் கீழே இறங்கவேண்டிய செய்தி இறங்கவில்லை.

ஆகவேதான், நெருப்பின் பக்கமே போகாத அந்த உத்தியோகஸ்தரின் வேலையை நான் லேசாக நினைக்கவில்லை. அவர் சரியாகச் செய்துவிட்டால் ஒன்றுமே நடப்பதில்லை. ஆட்கள் சாயங்காலம் முகத்தில் கரியுடன் இறங்கி வந்து சாப்பிட உட்காருவார்கள். அதற்காக யாரும் அவருக்கு மாலை போடப் போவதில்லை. ‘சொல்லிவிட்டேன்’ என்பதோடு அவருடைய கடமை முடிவதுமில்லை. ‘கேட்டுக்கொண்டார்கள்’ என்று அறியும் வரையில் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

ஸ்டார்ம் கிங் மலையில் இன்று ஒரு நடைபாதை இருக்கிறது. அந்த 14 பேர் விழுந்த இடங்களில் நினைவுச் சின்னங்கள் நாட்டியிருக்கிறார்கள். புதிதாய் வேலைக்கு வருகிற வீரர்கள் அந்தப் பாதையில் ஏறி அவற்றைப் பார்க்கிறார்கள். அறைக்குள் உட்கார்ந்து டெலிபோன் எடுக்கிறவர்களும் ஒரு முறை ஏறிப் பார்ப்பது நல்லதென்று எனக்குத் தோன்றுகிறது.

என் வீட்டு விஷயம் என்னவாயிற்று என்கிறீர்களா? இந்தக் கட்டுரையை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அன்றிலிருந்து, பையனிடம் எதைச் சொல்லியனுப்பினாலும், “அப்பா என்ன பதில் சொன்னார் என்று வந்து சொல்லு” என்று சேர்த்துச் சொல்லுகிறாள். காய்கறி தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.