ஆர்.எக்ஸ்.ஸா... ஷோகனா?

பி.காம். படிச்சவங்களுக்குத் தேய்மானம்னா என்னன்னு தெரியும். வண்டி வாங்கினால் வருஷத்துக்கு 15 சதவிகிதம் மதிப்பைக் கழித்துக்கொண்டே வரணும். இந்தக் கணக்கைப் பார்த்துக் கெக்கெக்கேன்னு சிரிக்கிற ஜாதி ஒண்ணு இருக்கு சார்... பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்! எங்க ஓசூர் பக்கம் நல்ல நிலையில் இருக்கும் யமஹா ஆர்.எக்ஸ்.100-க்கு லட்சத்துக்கு மேல் விலை சொல்கிறார்கள்.

சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் கூடும் இளவட்டங்களிடம் ஓயாத பட்டிமன்றம் ஒன்று உண்டு. வாங்கி வைக்க உகந்தது ஆர்.எக்ஸ்.100-ஆ, சுஸுகி ஷோகனா?

ரெண்டுமே ஜப்பான் மூளை. ஆர்.எக்ஸ். எஸ்கார்ட்ஸ் தயாரிப்பு, 1985-ல் வந்து 1996-ல் விடைபெற்றது. 98 சி.சி., 11 குதிரைசக்தி. ஷோகன், 1993-ல் ஓசூர் டி.வி.எஸ். தொழிற்சாலையில் பிறந்த நம்மூர்ப் பிள்ளை. 108 சி.சி., 14 குதிரை. காகிதத்தில் ஷோகன்தான் ராஜா. ஆனால் அந்தப் 14 குதிரையும் லாயத்தை விட்டு வெளியே வர, இன்ஜின் நிமிஷத்துக்கு 8,500 சுற்று சுற்றணும். ஆர்.எக்ஸ்.ஸுக்கு 7,500 போதும். பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் யார் முந்துவார்கள் என்று நீங்களே யூகிக்கலாம்.

அடுத்தது ஸ்பேர் பார்ட்ஸ். ஆர்.எக்ஸ். வம்சம் பெரிசு, ஒரிஜினலோ டூப்ளிகேட்டோ ஏதாவது ஒண்ணு மாட்டும். ஷோகனுக்கு? 2001-ல் டி.வி.எஸ்.ஸும் சுஸுகியும் பிரிந்துவிட்டார்கள். பிறந்த ஊரிலேயே பார்ட்ஸ் தேடி அலையணும். என்ன கொடுமை பாருங்க!

'அத்திப்பள்ளி தாண்டினா கே.ஏ. நம்பர் வண்டி சல்லிசா கிடைக்குதே'ன்னு கிளம்புறவங்க கவனிக்க: என்.ஓ.சி. வாங்கணும். 12 மாசத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் டி.என். நம்பருக்கு மாத்தணும், வரியும் கட்டணும். 15 வருஷம் தாண்டிய வண்டி என்பதால் ஆர்.சி. உயிரோடு இருக்கான்னு முதல்ல பாருங்க. இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்க. ஆர்.எக்ஸ்.135-க்கு 100-ன்னு ஸ்டிக்கர் ஒட்ட அஞ்சு நிமிஷம் போதும்.

'இது வின்டேஜ் சார்'னு விற்கிறவர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷம் ஆனால்தான் வின்டேஜ். முதல் ஆர்.எக்ஸ்.ஸுக்கு அந்தப் பட்டம் 2035-ல், ஷோகனுக்கு 2043-ல்! பட்டம் வந்தாலும் தினசரி ஆபீஸுக்கு ஓட்டிப் போக முடியாது.

என் தீர்ப்பு: ஓட்டவும் சுலபமா விற்கவும் ஆர்.எக்ஸ்.; எண்ணிக்கை குறைவு, ஊர்ப்பாசம் என்றால் ஷோகன்.

ஆனா தம்பிகளா, 'விலை ஏறுதே'ன்னு பர்சனல் லோன் போட்டு மட்டும் வாங்காதீங்க. கணக்குப் பதிவியலில் ஒரு பாலபாடம் உண்டு, கைக்கு வராத லாபத்தை லாபம்னு எழுதக் கூடாது. லோன் வட்டி மாசா மாசம் தானா ஏறும். வண்டி விலையோ, வாங்க ஒருத்தன் வந்து பணத்தை எண்ணி வைத்தால்தான் ஏறியதாக அர்த்தம்!