பூக்காத ஆரைக்கு விதை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: ''மூன்று வருடம் தரிசாகக் கிடந்த ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, சம்பா நட்டேன். நட்ட 20-ம் நாளே வயல் முழுக்க ஆரை. இரண்டு முறை ஆள்விட்டுப் பறித்தும் தீரவில்லை. அதில் பூவையோ, விதையையோ நான் பார்த்ததே இல்லை. 'நீ வாங்கிய விதைநெல்லில்தான் வந்திருக்கும்' என்று வீட்டில் திட்டுகிறார்கள். உண்மையா?''

- வாசகி, திருவாரூர் மாவட்டம்.

பதில்: விதைநெல் மேல் பழி வேண்டாம். ஆரை முன்பே உங்கள் மண்ணில் இருந்திருக்கிறது.

நாம் கீரையாகச் சமைக்கும் இந்த ஆரை, பெரணி இனம். பெரணிகள் பூப்பதில்லை, விதை வைப்பதுமில்லை. கிணற்றுச் சுவரில் முளைக்கும் பெரணியின் இலையைத் திருப்பினால், பழுப்பாகப் புள்ளிகள் தெரியும். அதிலிருந்து உதிரும் தூள்தான் அதற்கு வித்து. ஆரை அந்தத் தூளை இலையில் வைக்காமல், ஓடு போட்டுப் பூட்டி வைக்கிறது.

வயலில் தண்ணீர் வற்றும்போது, இலைக்காம்பின் அடியில் மண்ணை ஒட்டிப் பாருங்கள். கடுகைவிடப் பெரிதாக, மிளகைவிடச் சின்னதாகக் காய்கள் இருக்கும். இளசில் பச்சை, முற்றினால் கறுத்துக் கல்லாகிவிடும். தண்ணீரே நுழையாத ஓடு அது. களைக்கொல்லி எப்படி நுழையும்? பல பத்தாண்டுகள் காய்ந்து கிடந்த காய்கூட உயிரோடு இருக்கும். உங்கள் மூன்று வருடத் தரிசு அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

முற்றிய காய் ஒன்றைக் கத்தியால் லேசாகக் கீறி, டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் காய் பிளந்து, வழவழவென்று புழு மாதிரி ஒன்று நீண்டு வரும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதில் பெரிய வித்து பெண், சிறிய வித்து ஆண். ஆண் அணு தண்ணீரில் நீந்திப்போய்ப் பெண் வித்தோடு சேர, புதுச்செடி உண்டாகிறது. வயலில் அந்தக் கீறலை உழவும், மண் உரசலும், ஓடு மக்குவதும் செய்கின்றன. நெல்லுக்குக் கட்டிய தண்ணீர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது.

இதைவிட வேகமான வழி, சேற்றுக்குள் ஓடும் கொடி. கணுவுக்குக் கணு வேர்விட்டு இலை விடும். இலையை மட்டும் கிள்ளினாலும், தொழி உழவில் கொடி துண்டானாலும், கணு உள்ள துண்டு தனிச்செடியாகிவிடும். இரண்டு முறை பறித்தும் தீராததற்கு இதுதான் காரணம்.

இனி பறிக்கும்போது தண்ணீரைக் குறைத்து, விரலைச் சேற்றில் விட்டுக் கொடியோடு இழுக்கச் சொல்லுங்கள். பறித்ததை ஈர வரப்பில் போடாதீர்கள். வெயிலில் காயவிட்டு எரித்துவிடுங்கள். மருந்து தெளிக்காத வயலாக இருந்தால், இளங்கீரை சமையலுக்கு ஆகும்.

அடுத்த நடவுக்கு முன், முதல் தொழி ஓட்டியதும் 10, 15 நாள் தண்ணீர் நிறுத்துங்கள். முளைப்பதெல்லாம் முளைக்கட்டும். பிறகு கொடிகளை அரித்தெடுத்துவிட்டு, மறுபடி ஓட்டி நடுங்கள். ஒரே போகத்தில் தீராது, குறையும்.

அதைவிட முக்கியம், அறுவடை முடிந்த நாட்கள். ஈரம் வற்றும் அந்தச் சமயத்தில்தான் ஆரை காய் வைக்கும். வைக்கோல் எடுத்த கையோடு கோடை உழவு போட்டுக் கொடிகளை வெயிலில் காயவிடுங்கள்.