டார்ச் செல் தேடும் அவசரப் பிரிவு

கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான பாலகாட் லைனில் பகல் பத்து மணிக்கு வந்து பார்த்தால் முதியவர்களும் சிறுவர்களும்தான் கண்ணில் படுவார்கள். உழைக்கும் வயதில் உள்ளவர்கள் விடியும் முன்பே ரயிலேறி பெங்களூருக்குப் போய்விடுகிறார்கள். வீடு திரும்ப இரவாகிவிடுகிறது. 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து கால் நூற்றாண்டாக இதுதான் எங்கள் வாழ்க்கை. இந்தப் பகல் வேளையில் ஒரு பெரியவர் மூச்சுத் திணறி விழுந்தால், தூக்கிவிட ஆள் தேடுவதில் தொடங்குகிறது எங்கள் பாடு. அது ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்துவிடுவதில்லை.

எங்கள் வரிசையில் நான்கு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருந்தார். முப்பது ஆண்டுகள் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். பாறைத் தூசி நுரையீரலில் படிந்துபோய், தெருக்குழாய் வரை நடந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் காலை அப்படி உட்கார்ந்தவர் சாய்ந்துவிட்டார். நானும் இன்னொருவரும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். அவசரப் பிரிவில் இருந்த டூட்டி டாக்டர் இளைஞர். ஒரு நொடியும் வீணாக்கவில்லை. ஊழியர் ஒருவர் மார்பை அழுத்தத் தொடங்க, டாக்டர் தலைமாட்டில் குனிந்து, தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை வாய்க்குள் விட்டார். அதன் பல்பு மஞ்சளாக எரிந்தது. கைப்பிடியை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். கொஞ்சம் தெளிந்து மறுபடியும் மங்கியது. "சிஸ்டர், செல் இருக்கா?" என்றார். சிஸ்டர் இழுப்பறையைத் துழாவிவிட்டு வெளியே ஓடினார். வாட்ச்மேனின் டார்ச்சைத் திருகி இரண்டு செல்லை எடுத்து வந்தார். "நிறுத்துங்க, பார்க்கிறேன்." "அழுத்துங்க, தெரியல." இது இரண்டு முறை நடந்தது. மூன்றாவது முறைதான் மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறங்கியது. பெரியவர் அன்று மாலையைப் பார்க்கவில்லை.

நல்ல கருவி இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நுரையீரலை வைத்துக்கொண்டு எவராலும் அப்படிச் சொல்ல முடியாது. அந்த டாக்டரையும் சிஸ்டரையும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. ஆனால் உயிர் ஊசலாடும் நேரத்தில் ஒரு டாக்டரை டார்ச் செல்லுக்குக் காத்திருக்க வைத்த நிர்வாகத்தைக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது.

அதைக் கேட்கும் உரிமை வேறு எந்த ஊரையும்விட இந்த ஊருக்கு அதிகம். காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து 1902-ல் மின்சாரம் இழுத்து வரப்பட்டது எங்கள் சுரங்கங்களுக்காகத்தான். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பிறகு, 1905-ல். சுரங்கத்தில் இறங்குகிறவன் லேம்ப் ரூமில் வரிசையில் நின்று, சார்ஜ் ஏற்றிய விளக்கை வாங்கித் தொப்பியில் மாட்டிக்கொண்டுதான் போவான். ஷிப்ட் முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுப்பான்; அடுத்த ஷிப்டுக்குள் அது மறுபடியும் சார்ஜ் ஏறித் தயாராக இருக்கும். மங்கலான விளக்கோடு யாரையும் கூண்டில் ஏற்றி அனுப்ப மாட்டார்கள். மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இருந்த அந்த ஒழுங்கு, ஒரு மனிதனின் தொண்டை ஆழத்துக்கு இல்லாமல் போனது ஏன்?

டியூப் போடுவது என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வேலை என்னவென்று வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. மேக்கின்டாஷ் என்ற மயக்க மருந்து நிபுணர் 1943-ல் வடிவமைத்த வளைந்த லாரிங்கோஸ்கோப் தகடுதான் இன்றும் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. அதை இடக்கையில் பிடித்து, நாக்கை ஒருபுறம் ஒதுக்கி, தாடையைத் தூக்கி, டாக்டர் தன் கண்ணை நோயாளியின் குரல்வளையோடு நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும். உள்ளே இரண்டு குரல்நாண்களுக்கு நடுவே விரல் தடிமன்கூட இல்லாத இடைவெளி. அதற்குள் குழாய் போக வேண்டும். தவறினால் பின்னால் இருக்கும் உணவுக்குழாய்க்குள் போய்விடும். காற்று வயிற்றை நிரப்பும், நுரையீரல் காலியாகவே கிடக்கும். கழுத்து குட்டையானவர், வாய் சரியாகத் திறக்காதவர், தாடை உள்வாங்கியவர் என்றால் நேர்கோடே அமையாது. மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டிருக்கும்போது தலையும் சேர்ந்து குலுங்கும். பார்ப்பதற்காக அழுத்தத்தை நிறுத்தினால் மூளைக்குப் போகும் ரத்தமும் நின்றுவிடும். அந்த இடைவெளி பத்து வினாடியைத் தாண்டக் கூடாது என்பது விதி. நான் பார்த்த அன்று அது தாண்டியது.

இதற்கு மாற்றாக வந்த வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் தகட்டின் முனையருகே ஒரு சிறு கேமராவும் விளக்கும் இருக்கின்றன. குரல்நாண்கள் திரையில் தெரியும். டாக்டர் வாய்க்குள் எட்டிப் பார்த்து நேர்கோடு தேட வேண்டியதில்லை. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. திரையை சிஸ்டரும் பார்க்கிறார். குழாய் சரியான துவாரத்தில் நுழைவதற்கு இரண்டு சாட்சிகள் கிடைக்கிறார்கள். கனடாவின் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜான் பேசி உருவாக்கிய கிளைடுஸ்கோப் என்ற வீடியோ லாரிங்கோஸ்கோப் சந்தைக்கு வந்தது 2001-ல், எங்கள் சுரங்கம் மூடப்பட்ட அதே ஆண்டில். இதைப் புதுக்கருவி என்று இனியும் யாரும் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் 17 அவசர மற்றும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1,417 நோயாளிகளிடம் இரண்டு கருவிகளையும் ஒப்பிட்டு 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் முயற்சியிலேயே குழாய் இறங்கியது வீடியோ கருவியில் 85.1 விழுக்காடு, பழைய கருவியில் 70.8 விழுக்காடு. இந்த ஆய்வில் எங்கள் ஊருக்கென்றே எழுதியது போன்ற ஒரு தகவலும் இருக்கிறது. அதற்கு முன் 25-க்கும் குறைவான முறையே டியூப் போட்டிருந்தவர்களிடம் இந்த வித்தியாசம் 26 புள்ளிகள்; நூறு முறைக்கு மேல் போட்டுத் தேர்ந்தவர்களிடம் சுமார் 6 புள்ளிகள்தான். மயக்க மருந்து நிபுணர் இருபத்து நான்கு மணி நேரமும் கிடைக்கும் பெருநகர ஆஸ்பத்திரியைவிட, புதிதாக வந்த எம்.பி.பி.எஸ். டாக்டர் இரவு முழுவதும் தனியாக நிற்கும் சிற்றூர் ஆஸ்பத்திரிக்குத்தான் இது அவசரத் தேவை. நடப்பதோ தலைகீழாக இருக்கிறது.

மறுபக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. பிரான்சில் 371 பேரிடம் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில் வீடியோ கருவி முதல் முயற்சியின் வெற்றியைக் கூட்டவில்லை. உயிருக்கு ஆபத்தான சிக்கல்கள் அதில் கூடுதலாகவும் இருந்தன. திரையில் துவாரம் நன்றாகத் தெரியும், குழாயை அங்கே கொண்டுபோகக் கை பழகியிருக்காது. ரத்தமோ வாந்தியோ கேமராவை மூடினால் திரையில் ஒன்றும் தெரியாது. அப்போது பழைய தகடுதான் கைகொடுக்கும். இதயம் நின்றுபோனவர்களைப் பொறுத்தவரை, குழாய் விரைவில் இறங்கியதால் உயிர் பிழைத்தவர்கள் கூடினார்கள் என்று அறுதியிட்டுச் சொல்லும் ஆதாரம் இன்னும் திரளவில்லை. ஆனால் தென்கொரியாவில் மார்பு அழுத்தத்தின் நடுவே டியூப் போட்டவர்களை ஒப்பிட்டபோது, வீடியோ கருவியில் அழுத்தம் நின்றுபோன நேரம் குறைந்தது. இவற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம், கருவியோடு பயிற்சியும் சேர்ந்தே வர வேண்டும் என்பது. "ஆய்வுகள் முரண்படுகின்றன, பார்க்கலாம்" என்று கோப்பை மூடிவைக்க இதில் இடமில்லை.

ஆம்பு பையை முகமூடியோடு அழுத்தி மூச்சுக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். பலருக்கு முதல் சில நிமிடங்களுக்கு அதுவே போதும். ஆனால் இங்கிருந்து கோலார் சுமார் 30 கிலோமீட்டர், பெங்களூர் சுமார் 100 கிலோமீட்டர். குலுங்கும் ஆம்புலன்ஸில் அவ்வளவு தூரமும் முகமூடி நழுவாமல் ஒருவர் பிடித்துக்கொண்டே போக முடியாது. வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மேல்சிகிச்சைக்குத் தொலைவு அதிகம் உள்ள ஊருக்கு உறுதியாகப் போட்ட டியூப்தான் பாதுகாப்பு.

வாக்குறுதிகளுக்கு எங்களிடம் பஞ்சமில்லை. சுரங்கம் ஓடிய நாளில் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் பார்த்த பெரிய மருத்துவமனை, சுரங்கத்தோடு சேர்ந்து முடங்கியது. அதைத் திறப்போம் என்ற பேச்சை ஒவ்வொரு தேர்தலிலும் கேட்டிருக்கிறோம். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் தன்னார்வலர்கள் கூடி அதன் குப்பையை அள்ளிக் கூட்டிப் பெருக்கினார்கள். இனி நல்ல காலம் என்று நம்பினோம். அலை ஓய்ந்தது, பேச்சும் ஓய்ந்தது. அவசரப் பிரிவு நவீனமாக்கப்படும் என்றார்கள். சுவருக்கு வண்ணம் அடித்தார்கள். மனு கொடுத்தவர்களுக்கு "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதில் திரும்பத் திரும்ப வருகிறது. இதற்கிடையே சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேடுகளின் தூசி வெயில் காலத்தில் எங்கள் வீடுகளுக்குள் பறந்து வருவது நிற்கவில்லை. பாறைத் தூசியால் சிலிக்கோசிஸ் வந்த முன்னாள் தொழிலாளிகளின் மூச்சு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகிறது.

நாங்கள் கேட்பது கோடிக்கணக்கில் செலவாகும் கட்டடம் இல்லை. உள்நாட்டில் தயாராகும் வீடியோ லாரிங்கோஸ்கோப் இப்போது சில பத்தாயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. திறப்பு விழாப் பந்தலுக்கு அதைவிடக் கூடுதலாகச் செலவழிப்பதைப் பார்த்திருக்கிறோம். தங்கவயலில் அவசர சிகிச்சை தரும் ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் அந்தக் கருவி ஒன்று, பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்குமான தகடுகளோடு வர வேண்டும். மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை அளந்து, குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று சொல்லும் கேப்னோகிராஃப் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். டூட்டி டாக்டர்களும் சிஸ்டர்களும் பொம்மை உடலில் மாதம் ஒருமுறையாவது இரண்டு கருவிகளையும் கையாண்டு பழக வேண்டும். பழைய லாரிங்கோஸ்கோப்பைத் தூக்கிப் போடாமல், புது செல்லோடு அருகிலேயே வைத்திருக்க வேண்டும். ஷிப்ட் மாறும்போதெல்லாம் இரண்டின் விளக்கையும் எரித்துப் பார்த்து ஒரு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் சொன்னதற்கு ஒரு பேனாவைத் தவிர வேறு செலவில்லை.

இதையெல்லாம் செய்ய அதிகாரம் உள்ளவர்களுக்கு நிதியும் இருக்கிறது, நடைமுறையும் தெரியும். அடுத்த மருத்துவக் கருவிக் கொள்முதல் பட்டியலில் தங்கவயலின் பெயரைச் சேர்த்து, இந்த நிதியாண்டு முடிவதற்குள் உத்தரவு பிறப்பிக்குமாறு பாலகாட் லைன் மக்களின் சார்பில் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை காத்திருக்காமல், லாரிங்கோஸ்கோப்புக்கான புது செல்களை நாளைக் காலைக்குள் அந்த இழுப்பறையில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.