காலைச் சோற்றுக்கும் போராடுவோம்!



உடல் பருமன் பணக்கார வீட்டு நோய் என்று நம்மில் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வைப் புரட்டுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர், ஆண்களில் 37 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோடு இருக்கிறார்கள். முந்தைய ஆய்வில் பெண்களின் கணக்கு 30.9. நாலைந்து ஆண்டுக்குள் இத்தனை பேர் சோம்பேறிகளாகிவிட்டார்களா என்ன?

ஷிஃப்ட்டுக்கு ஓடும் பெண்ணைப் பாருங்கள். பஸ் ஏறுமுன் பேக்கரியில் ஒரு பன், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. பிள்ளை கையில் கிரீம் பிஸ்கட். கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் இருந்த இடம் இது. உடனே "பாரம்பரியத்துக்குத் திரும்புவோம்" என்று மேடை போட்டுவிடாதீர்கள். பழைய சோறு சகல நோயையும் தீர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் புரட்டை நாமும் பரப்ப வேண்டாம். தீட்டிய வெள்ளரிசிப் பொங்கலையும் எண்ணெய் சொட்டும் பூரியையும்கூடப் பாரம்பரியம் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். தவிர, கூழ் தானாகக் காய்ந்து கிண்ணத்துக்கு வராது. விடியுமுன் அடுப்படியில் நிற்கப்போவது யார்? பாரம்பரியம் பேசும் ஆண் தோழர்கள் முதலில் கரண்டியைப் பிடியுங்கள்!

நம் சண்டை முதலாளியோடு. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. காலை ஷிஃப்ட்டுக்கு முன் அங்கே அடுப்பு எரிகிறதா? எரியவில்லையென்றால் சங்கம் கேட்க வேண்டும்: சூடான கேழ்வரகுக் கூழ், சுண்டல், முட்டை, நம் கூலிக்குக் கட்டுப்படியாகும் விலையில். 2022-இல் தொடங்கி, அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு போட அரசால் முடிகிறது. லாபம் பார்க்கும் ஆலையால் முடியாதா?

அடுத்தது பொட்டலத்தில் வரும் தின்பண்டம். சிலியில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொட்டலங்களின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறார்கள். சின்னப் பிள்ளையும் கண்டுகொள்ளும். கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டியில் சிரித்த கார்ட்டூன் புலியையும் இறக்கிவிட்டார்கள். இங்கேயோ, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வரைவு பொட்டலங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு வழங்கப் பார்த்தது. சர்க்கரை பிஸ்கட்டில் நார்ச்சத்தைச் சேர்த்தால் அதற்கும் மதிப்பெண்! விஷயத்தை மறைக்கும் நட்சத்திரம் நமக்கு வேண்டாம். எச்சரிக்கை முத்திரை வேண்டும்.

இந்த வார வாயிற்கூட்டத்திலேயே இந்த இரண்டையும் கோரிக்கைப் பட்டியலில் ஏற்றுங்கள். கூலி உயர்வு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கையெழுத்துத் தாளோடு ஒவ்வொரு ஷெட்டுக்கும் செல்லுங்கள். இரவு ஷிஃப்ட்டை விட்டுவிடாதீர்கள்!