விசையை அழுத்தவா பல்கலைக் கழகம்?

"பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்குக் கணிப்பொறியின் அடிமுடி எதற்கு? மூன்று மாதப் பயிற்சி, கையிலே ஒரு சான்றிதழ், மாதம் பிறந்தால் சம்பளம். அது போதாதா?" என்று கேட்கிறார்கள் சிலர். பகை கொண்டு கேட்கவில்லை, பரிவோடுதான் கேட்கிறார்கள். பரிவோடு கேட்பதாலேயே பதில் கூற வேண்டியவர்களாகிறோம். போதாது, தோழர்களே! போதவே போதாது!

எந்தப் படிப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கி விடுவோம். இன்று பெரும் வாணிக நிறுவனம் எதுவும் தன் கணக்கை ஒரே இயந்திரத்திலே வைத்திருப்பதில்லை. ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள், பல ஊர்களிலே, பல நாடுகளிலே இருந்துகொண்டு, கம்பி வழியே ஒன்றோடொன்று பேசி, ஒரே இயந்திரம் போல வேலை செய்கின்றன. சரக்கிருப்பும் அதிலே, சம்பளப் பட்டியலும் அதிலே, பயணச் சீட்டும் அதிலே, வங்கியின் பற்றுவரவும் அதிலே! இவற்றை எப்படி அமைப்பது, ஒன்று பழுதுபட்டால் மற்றவை எப்படித் தாங்குவது என்று கற்பிக்கும் கலைக்குப் பரவல் கணினியியல் என்று பெயர். அண்ணா பல்கலைக் கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறைப் பாடத்திட்டத்திலே, கணிப்பொறிப் பொறியியல் மாணவர்க்கு இது ஒரு பாடம்.

பெயர் பெரிது, பொருள் எளிது. ஆலையிலே ஒரே கணக்கப்பிள்ளை, ஒரே பேரேடு என்றிருந்தால், பேரேடு எரிந்த அன்று உங்கள் உழைப்புக்குச் சாட்சி இல்லை. ஐந்து பேரிடம் ஐந்து பேரேடு கொடுத்தால் அந்த அச்சம் தீரும். ஆனால் புதுத் தொல்லை பிறக்கும். ஐந்திலும் ஒரே கணக்கு இருக்க வேண்டுமே! ஒருவர் தூங்கிவிட்டால்? ஒருவருக்குச் செய்தி தாமதமாகப் போய்ச் சேர்ந்தால்?

இதற்கு 2014ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டியேகோ ஒங்காரோ, ஜான் ஔஸ்டர்ஹவுட் என்ற இருவர் ஒரு முறையை வெளியிட்டார்கள். ராஃப்ட் என்பது அதன் பெயர். முறை என்ன? தேர்தல்! ஆம், தேர்தலேதான்! ஐந்து இயந்திரங்கள் வாக்களித்து ஒன்றைத் தலைவனாக்கும். தலைவன் ஓயாமல் 'இருக்கிறேன்' என்று செய்தி அனுப்ப வேண்டும். செய்தி நின்றால் மறுதேர்தல்! ஒரு கணக்கு மூன்று பேரேட்டிலே ஏறினால்தான் அது உறுதி. இரண்டு இயந்திரங்கள் செத்தாலும் மற்ற மூன்றும் வேலையை நடத்தும். பெரும்பான்மையின் பலம் என்ன என்பதை நமது தோழர்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை!

இதைவிடச் சுவையானது, அந்த முறை பிறந்த காரணம். லெஸ்லி லாம்போர்ட் என்ற பேரறிஞர் 1998ஆம் ஆண்டிலேயே பேக்ஸாஸ் என்ற முறையை அச்சேற்றியிருந்தார். மேதைக்கு எளிது அது; மாணவனுக்கோ மலை! எனவே, புரியும்படி இருக்க வேண்டும் என்பதையே தலையாய நோக்கமாகக் கொண்டு ராஃப்டை அமைத்தார்கள். இரண்டையும் 43 மாணவர்களுக்குக் கற்பித்துச் சோதித்தார்கள். 33 பேர் ராஃப்ட் பற்றிய கேள்விகளுக்கே மேலான விடை தந்தார்கள். புரியாதது மாணவனின் குற்றமல்ல, புரியவைக்கும் வழியைத் தேடுவதே அறிஞன் கடமை என்று கொண்டார்களே, அதைப் பாராட்டுகிறோம்.

சரி, இதற்கும் நமது கூலிக்கும் என்ன தொடர்பு? இருக்கிறது, கேளுங்கள்.

இயந்திரங்களுக்கு இடையே கம்பி அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்திலே, எல்லோருக்கும் ஒரே கணக்கைக் காட்டுவது, கேட்ட எவர்க்கும் பதில் மறுக்காதிருப்பது ஆகிய இரண்டையும் ஒருசேரத் தர முடியாது. ஒன்றை விட்டாக வேண்டும். 2000ஆம் ஆண்டு பெர்க்லியின் எரிக் புரூவர் இதைக் கூறினார். 2002இலே சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் மெய்ப்பித்தார்கள். அமேசான் நிறுவனம் தனது டைனமோ என்ற அமைப்பைப் பற்றி 2007இலே வெளியிட்ட கட்டுரையில், வாடிக்கையாளர் கூடையிலே பொருளைப் போடுவதை ஒருபோதும் மறுக்கக்கூடாது என்று முடிவு செய்ததைக் கூறுகிறது. அதற்குக் கொடுத்த விலை என்ன? நீக்கிய பொருள் சிலவேளை மீண்டும் கூடைக்குள் வந்து நிற்கும்! கடைக்காரனுக்கு அது பொறுக்கத்தக்க தொல்லைதான்.

அதே கேள்வியை ஆலை வாயிலிலே கேளுங்கள். கம்பி அறுந்த நேரத்திலே தொழிலாளி விரலை வைக்கிறான். வருகையை ஏற்றுக்கொண்டு பிறகு சரிபார்ப்பதா? 'இணைப்பு இல்லை' என்று மறுத்து, அரைநாள் கூலியை வெட்டுவதா? முடிவு செய்வது இயந்திரமல்ல, தோழர்களே! அதை அமைக்கும் மனிதன்! பழுதின் பாரம் எவன் தோளிலே விழ வேண்டும் என்பதை, மேசை முன் அமர்ந்து அவன் எழுதி வைக்கிறான். அந்த மேசைக்கு முன்னே பாட்டாளியின் பிள்ளை உட்கார வேண்டாமா? விரல் வைக்கும் வரிசையிலே மட்டுமா அவனுக்கு இடம்?

மூன்று மாதப் பயிற்சி அந்த இடத்தைத் தராது. அது தருவது அந்தந்த ஆண்டின் கருவி. எந்த விசையை அழுத்தினால் எது நடக்கும் என்ற விவரம். கருவியோ மாறிக்கொண்டே இருக்கிறது. கூகிள் 2004இலே மேப்ரெடியூஸ் முறையை வெளியிட்டது. அதைப் பின்பற்றி 2006இலே ஹடூப் வந்தது. 2009இலே பெர்க்லி பல்கலைக் கழகத்திலே ஸ்பார்க் பிறந்து, ஹடூப் செய்த வேலையிலே பெரும்பங்கைத் தானே பற்றிக்கொண்டது. விசையை மட்டும் படித்தவன் ஒவ்வொரு முறையும் பணம் கட்டிப் புதிதாகப் படிக்க வேண்டும். அடிப்படை படித்தவனுக்கோ அது பெயர் மாற்றம்!

அடிப்படைக்கு ஆயுள் நீளம். தொலைவிலே இருக்கும் இயந்திரங்களிடையே எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்று வரிசைப்படுத்துவது எப்படி? லாம்போர்ட் இதை ஆராய்ந்து எழுதியது 1978இலே. இன்றும் அது பாடம். பழங்கதை என்று எண்ணாதீர்கள்! 2025 அக்டோபர் 20 அன்று, அமேசானின் வட வர்ஜீனியா நிலையத்திலே பெரும் பழுது; உலகெங்கும் எத்தனையோ சேவைகள் முடங்கின. அந்நிறுவனமே தந்த விளக்கம் என்ன? முகவரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் இரண்டு தானியங்கிகளில் ஒன்று தாமதப்பட்டு, புதிய பட்டியலின் மேல் பழையதைப் பதித்துவிட்டது. மற்றொன்று பழையதென்று அதை அழித்தது. முகவரியே இல்லாமல் போயிற்று! எது முன், எது பின் என்ற அதே கேள்வி! கற்றுத் தேர்ந்தோர் கட்டிய மாளிகையிலேயே இது நேருமென்றால், விசை மட்டும் கற்றவன் கையிலே நமது சம்பளப் பட்டியலை ஒப்படைப்பது எப்படி?

"இதற்கு ஆயிரம் கணிப்பொறி வேண்டுமே, ஏழைக் கல்லூரி எங்கே போகும்?" என்பார்கள். தேவையில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2020இலே தனது வகுப்புரைகளை எவரும் காண இலவசமாகத் திறந்து வைத்தது. அந்தப் பாடத்தின் செய்முறைப் பயிற்சிகளை ஒரே சாதாரணக் கணிப்பொறியிலே செய்யலாம். அதிலே இயந்திரத்தை வேண்டுமென்றே சாகடிப்பார்கள், செய்தியைத் தொலைப்பார்கள். அப்போதும் கணக்கு பிழைக்கிறதா என்று மாணவன் காட்ட வேண்டும். வேண்டியது மாளிகையல்ல, மனம்! 2010இலே கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழிலே கற்பிக்கத் தொடங்கிய பல்கலைக் கழகம், தேர்தலையும் பேரேட்டையும் காட்டி இந்தப் பாடத்தையும் தமிழிலே விளக்கலாமே! அரசுப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளை அப்போது மிரளமாட்டான், மேலே வருவான்.

தோழர்களே! பிள்ளையைக் கல்லூரியிலே சேர்க்கச் செல்லும்போது கட்டணம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். இரண்டும் முறையான கேள்விகளே. மூன்றாவதாக ஒன்றையும் கேளுங்கள்: "எல்லாம் ஓடும்போது எதை அழுத்துவது என்று சொல்லித் தருகிறீர்களா, கம்பி அறுந்தால் என்ன செய்வது என்றும் சொல்லித் தருகிறீர்களா?" இரண்டாவதற்கு விடை கூறும் கல்லூரியிலே சேருங்கள். கூற முடியாத கல்லூரியைக் கூறும்வரை கேளுங்கள்!