திரும்பி வந்த ஏரி

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் கிழக்குக் கரையில் இருக்கிறது ஹைடு கவுன்ட்டி. கவுன்ட்டி என்பது நம் கணக்கில் ஒரு மாவட்டம். ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி மொத்த ஜனத்தொகையே 4,589தான். 1900ல் இதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. நகராட்சி என்று ஒன்றுகூடக் கிடையாது. பரப்பில் பாதிக்கு மேல் தண்ணீர். இதற்குச் சொந்தமான ஒக்ரகோக் தீவுக்குப் பாலம் இல்லை. பெரும்பாலும் படகில்தான் போக வேண்டும். 'கருந்தாடி' என்ற கடற்கொள்ளையன் 1718ல் அங்கே கொல்லப்பட்டதால் சுற்றுலாக் கூட்டம் அந்தப் பக்கம் போகிறது.

ஹைடுவின் உண்மையான வரலாறு மட்டமஸ்கீட் ஏரியில் இருக்கிறது. சுமார் 40,000 ஏக்கர். மாநிலத்திலேயே பெரிய இயற்கை ஏரி. ஆழம் மட்டும் சராசரியாக இரண்டு, மூன்று அடி. அடியில் கருப்பு மண். எந்த விவசாயிக்கும் கை பரபரக்கும். 1830களில் அடிமைகளைக் கொண்டு பாம்லிகோ காயலுக்குக் கால்வாய் வெட்டியதில் ஏரி பாதிக்கும் மேல் சுருங்கியது. மிச்சத்தையும் விடக் கூடாது என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனிகள் கிளம்பின. ராட்சத பம்புகளை நிறுவி, நிலக்கரி எரித்து, ஏரியை இறைத்தே காயவைத்தார்கள். தரையில் 'நியூ ஹாலந்து' என்று ஊர் முளைத்தது. ஓட்டல் வந்தது, ரயிலும் வந்தது. சோளமும் சோயாவும் நன்றாகவே விளைந்தன.

ஆனால் ஏரியின் தரை கடல்மட்டத்துக்கும் கீழே. மழை பெய்தால் இறைக்க வேண்டும். இறைக்க நிலக்கரி வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கம்பெனிகள் பணத்தைக் கொட்டிப் பார்த்தன. 1930களின் தொடக்கத்தில் கடைசிக் கம்பெனியும் பம்பை நிறுத்தியது. ஏரி திரும்பி வந்துவிட்டது. 1934ல் அரசு அதை வாங்கிப் பறவைகள் சரணாலயமாக்கியது. பம்ப் நிலையம் விடுதியானது. புகைபோக்கி, பறவை பார்க்கும் கோபுரமாயிற்று. பம்ப் நிலையத்துக்கு இதைவிட நல்ல கதி கிடைத்திருக்காது.

குளிர்காலத்தில் ஆர்க்டிக் பகுதியிலிருந்து அன்னங்கள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. அவற்றின் இரையான நீரடித் தாவரங்கள் 2017க்குள் அழிந்துபோயின. உரச்சத்து கலந்து தண்ணீர் பச்சையாகிவிட்டது. வெளிநாட்டு கெண்டை மீன்கள் சேற்றைக் கிளறி மிச்சத்தையும் கெடுத்தன. கடல்மட்டம் வேறு உயர்கிறது. நீரை வெளியேற்ற முன்னோர் வெட்டிய அதே வாய்க்கால்கள் வழியாக உப்புத் தண்ணீர் வயலுக்குள் ஏறுகிறது. ஓரங்களில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போய், வெள்ளைக் குச்சிகளாகத் தெரிகின்றன. 2019 செப்டம்பரில் டோரியன் புயல் ஒக்ரகோக்கின் வீடுகளுக்குள் காயலைக் கொண்டுவந்தது.

ஏரிக் கால்வாய்களில் மதகுகள் உண்டு. காயல் தாழ்ந்திருந்தால்தான் அவை வழியே ஏரி நீர் வடியும். காற்று கரையை நோக்கி அடித்தால், அதுவும் நடப்பதில்லை.